கொட்டாங்கச்சியில் பெனிசிலின்

ஸ்ரீரங்கத்துல என்னைக் கைராசிக்காரின்னு சொல்லுவாங்க. நானா வச்சுக்கிட்ட பட்டம் இல்ல, உத்தர வீதியில நாலு வீட்டுப் பொம்பளைங்க சேர்ந்து கொடுத்தது. என் கை பட்டா எந்த மாடும் உதைக்காது, பாலை அடக்காது, மடியில ஒரு சொட்டு மிச்சம் வைக்காது. அந்தக் கை என்ன பண்ணி வச்சுதுன்னு சொல்லத்தான் இதை எழுதறேன். இலக்கணமா எழுத எனக்கு வராது, பேசற மாதிரிதான் வரும்.

நான் அங்க எப்படி வந்து சேர்ந்தேன்னு முதல்ல சொல்லிடறேன். கல்யாணம் ஆனதும் கட்டினவரு வடக்கு வாசல் பக்கம் ஒரு ஒண்டுக்குடித்தனம் பிடிச்சு என்னைக் கொண்டாந்து வச்சாரு. எட்டு மாசம் ஒண்ணா இருந்தோம். அப்புறம் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினாரு. போய்ச் சேர்ந்துட்டேன்னு ஒரு கடுதாசி வந்துச்சு, அதோட சரி. தபால்காரரு என் வாசலைத் தாண்டறப்ப மட்டும் சைக்கிளை வேகமா மிதிப்பாரு, பாவம், அவருக்கே சங்கடம்.

ரெண்டு வருஷம் கழிச்சு வையம்பட்டியிலேருந்து எங்க அண்ணன் லாரியில ஒரு செவலைப் பசுவை ஏத்திக்கிட்டு வந்தாரு. என்னை ஊருக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வராருன்னு நான் துணிமணியெல்லாம் மூட்டை கட்டி வச்சிருந்தேன். அவரு மாட்டைக் கொல்லையில கட்டினாரு, ஒரு சொம்பு தண்ணி குடிச்சாரு, "இதை வச்சுப் பொழைச்சுக்க தங்கச்சி"ன்னாரு, கிளம்பிட்டாரு. மூட்டையை அவிழ்க்க எனக்கு மூணு நாள் ஆச்சு.

மாட்டுக்குப் பேர் வைக்கல. "ஏ புள்ள"ன்னு கூப்பிடுவேன், திரும்பிப் பார்க்கும். என்கிட்ட வந்து ரெண்டாவது ஈத்துல அதோட கன்னு இருபது நாளுல செத்துப்போச்சு. கன்னு இல்லாத மாடு பால் விடாதும்பாங்க. இது விட்டுச்சு. நான் குந்தி உக்காந்து "ஏ புள்ள, வந்துட்டேன்"னு குரல் கொடுத்தா அரை நிமிஷத்துல மடி நிறைஞ்சுடும். கறக்கறப்ப கழுத்தைத் திருப்பி என் முதுகையும் தலையையும் நக்கும். கன்னை நக்கற மாதிரியே நக்கும். சொரசொரன்னு வலிக்கும், ஆனா வேணாம்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல.

நயா பைசா வந்து ஜனங்க குழம்பிக்கிட்டு இருந்த சமயம் அது. அப்ப அங்க பால் விக்கிற முறையே வேற. வீட்டுல கறந்து எடுத்துட்டுப் போனா தண்ணி கலந்துட்டேன்னு பேரு வந்துடும். மாட்டையே வாசலுக்கு ஓட்டிக்கிட்டுப் போகணும். வீட்டுக்கார அம்மா பாத்திரத்தைக் கொண்டாந்து கீழ வைப்பாங்க, கையில தர மாட்டாங்க. நான் எடுத்துக் கவுத்துக் காட்டணும், உள்ள ஒண்ணும் இல்லன்னு. கறந்து கீழ வச்சுட்டு ரெண்டடி தள்ளி நிக்கணும். அவங்க பாத்திரத்து மேல ஒரு கை தண்ணி தெளிச்சு எடுத்துக்கிட்டு உள்ள போயிடுவாங்க. மாட்டுக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திப்பாங்க, மஞ்சள் குங்குமம் வைப்பாங்க, அகத்திக்கீரை ஊட்டுவாங்க. "ஏ புள்ள, உன் யோகம் எனக்கு வருமா"ன்னு ஒரு நாள் அதுகிட்டயே கேட்டுட்டேன்.

சிரிப்பா சொல்றேனே தவிர, வயிறு எரியும். அந்த ஊர்ல ஒரு மனுசர் கை என் மேல பட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு எண்ணிப் பார்ப்பேன். வெளிய சொல்ல அப்ப வெக்கம், இப்ப என்ன வெக்கம். கறக்கறப்ப நெத்தியை மாட்டு வயித்துல முட்டுக் கொடுத்துக்குவேன், மூக்கு அதோட தோல்ல அழுந்தும், வெதுவெதுன்னு இருக்கும். அன்னன்னைக்கு யார் என்ன சொன்னாங்க, என்ன குழம்பு வச்சேன், எந்தக் கனவு வந்துச்சு, எல்லாத்தையும் அந்த வயித்துக்குள்ளதான் சொல்லுவேன். கறந்து எழுந்துட்டா அப்புறம் நாள் பூரா பேச ஆள் கிடையாது.

அப்படி இருக்கறப்பதான் வலது கை கட்டை விரல்ல நகச்சுத்து வந்துச்சு. எலுமிச்சம்பழத்துல ஓட்டை போட்டு விரலைச் சொருகிக்கிட்டேன். சீழ் கோத்து விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. கறக்காம இருக்க முடியுமா? பழத்தைக் கழட்டிட்டு எண்ணெயைத் தொட்டுக் கறந்தேன். ஒரு கொட்டாங்கச்சியில விளக்கெண்ணெய் எப்பவும் கூடவே இருக்கும், விரல்ல தொட்டுக்கிட்டுக் கறந்தாத்தான் காம்பு வெடிக்காது.

பத்து நாள் போயிருக்கும். மாட்டுக்குப் பின்னங்கால் பக்கத்துக் காம்பு ஒண்ணு கல்லா வீங்கிடுச்சு. பால் திரிதிரியா வந்துச்சு. ஓட்டிக்கிட்டுக் காவேரிப் பாலம் தாண்டி மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்க புதுசா வந்த டாக்டர், என்னை விடச் சின்ன வயசு, மீசை கூடச் சரியா முளைக்கல. ஆனா மாட்டைத் தொடறதுல நிதானம் இருந்துச்சு.

"மடிநோய்ம்மா. இந்த ட்யூப்பைக் காம்புக்குள்ள விட்டு முழுசா அமுக்கணும். மூணு நாள், தினம் ஒண்ணு. அந்தப் பாலை யாருக்கும் கொடுக்காதீங்க, கீழ ஊத்திடுங்க."

"என்ன மருந்துங்க?"

"பெனிசிலின்."

கையோட என் விரலையும் காட்டிடலாம்னு டவுன்ல மனுசங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க கம்பவுண்டர் ஊசி போட்டாரு. என்ன ஊசிங்கன்னேன். பெனிசிலின்னாரு. நாளைக்கும் நாளான்னைக்கும் வரணும்னாரு. ஆகா, ரெண்டும் ஒரே மருந்துதானான்னு எனக்குள்ள ஒரு பல்பு எரிஞ்சுது. எரிஞ்சிருக்கவே கூடாது, அந்தப் பாழாப் போன பல்பு.

வீட்டுக்கு வந்து முதல் ட்யூப்புல பாதியைக் காம்புல விட்டேன், மீதியை என் விரல்ல பூசினேன். எனக்கு எதுக்கு இன்னும் ரெண்டு ஊசி, பாலம் தாண்டி எதுக்கு அலையணும்? மறுநாள் அதே மாதிரி. மூணாம் நாள் பால் வெள்ளை வெளேர்னு வந்துடுச்சு, என் விரலும் வத்திடுச்சு. சரியாப் போனதுக்கு மேல மருந்தை யாராவது வீணாக்குவாங்களா? மிச்சத்தைப் பானைக்கு அடியில குளிர்ச்சியா வச்சேன்.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. கெட்டிக்காரத்தனம் யாரை விட்டுது. வந்தப்புறம் வைத்தியம் பாக்கறதை விட வராம பாத்துக்கலாமேன்னு, கறக்கற எண்ணெயில பட்டாணி அளவு பெனிசிலினைப் போட்டு விரலால கலக்கினேன். தீர்ந்தா ஆஸ்பத்திரிக்குப் போய், மறுபடி வீங்குதுன்னு பொய் சொல்லி ட்யூப் வாங்கிட்டு வருவேன். தினம் ரெண்டு வேளை அந்த எண்ணெயைத் தொட்டுத்தான் கறந்தேன். பல மாசத்துக்கு எனக்கும் ஒண்ணும் இல்ல, மாட்டுக்கும் ஒண்ணும் இல்ல. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கிட்டேன்.

கிழக்கு உத்தர வீதியில ஒரு மாமி, என் வாடிக்கை. அவங்க வீட்டுலயே ஒரு கறுப்புப் பசு உண்டு. ஒரு நாள் வாசல்ல நின்னு கூப்பிட்டாங்க.

"ஏண்டிம்மா, எங்காத்து மாடு கறவைக்காரனை உதைச்சுத் தள்றது. நீ வந்து ஒரு தரம் கை வையேன்."

வச்சேன். பூனைக்குட்டியாட்டம் நின்னுச்சு. "பேஷ், என்ன கைராசிடி உனக்கு"ன்னு மாமி தெருவெல்லாம் சொல்லிட்டாங்க. அப்புறம் இன்னும் ரெண்டு வீட்டுல கூப்பிட்டாங்க. கொட்டாங்கச்சியைக் கையில எடுத்துக்கிட்டு ஒவ்வொரு கொட்டிலாப் போனேன். அந்த மூணு மாட்டுக்கும் அதே எண்ணெய், அதே விரல்.

மாசிக் கடைசியில என் கழுத்துல ஒரு கட்டி வந்துச்சு. அது உடையறதுக்குள்ள விரல்ல ரெண்டு. மருந்தை அப்பினேன், தண்ணியைப் பூசின மாதிரி இருந்துச்சு. ஊசி போட்டுக்கிட்டேன், அதுவும் கேக்கல. அதே வாரம் என் மாட்டுக்கு ரெண்டு காம்பு வீங்கிடுச்சு. இந்தத் தடவை ட்யூப்பை முழுசு முழுசா விட்டேன், டாக்டர் சொன்ன மாதிரியே மூணு நாளும் விட்டேன். நல்ல புத்தி வந்தப்ப மருந்து வேலை செய்யல. ரெண்டு காம்பும் கெட்டிப்பட்டுச் செத்துப்போச்சு. அடுத்த வாரம் மாமி வீட்டுக் கறுப்புப் பசு, அதுக்கடுத்து மத்த ரெண்டு வீட்டு மாடும். கண்ணு பட்டுடுச்சுன்னு மாமி மிளகாய் சுத்திப் போட்டாங்க, எனக்கும் சேர்த்துத்தான்.

டாக்டர் ஸ்ரீரங்கத்துக்கே வந்தாரு. ஒவ்வொரு வீட்டு மாடாப் பார்த்துட்டுக் கடைசியில என் கொல்லைக்கு வந்தாரு. குந்தி உக்காந்து மடியைப் பார்த்தவரு திடீர்னு என் பக்கம் திரும்பினாரு.

"கையைக் காட்டுங்க."

காட்டினேன்.

"இந்தக் கையாலதான் எல்லா மாட்டையும் கறக்கறீங்களா?"

"ஆமாங்க. எண்ணெய் தொட்டுக்கிட்டுத்தாங்க. அதுல மருந்து கூடக் கலந்திருக்கேன்."

பெருமையாத்தான் சொன்னேன், நம்ப மாட்டீங்க. அவரு கொட்டாங்கச்சியை வாங்கி மோந்து பார்த்தாரு, அப்படியே தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. திட்டுவாருன்னு பார்த்தேன். திட்டல. குச்சியில பஞ்சு சுத்தி என் கட்டியில ஒத்தி எடுத்தாரு. இன்னொரு பஞ்சை என் மூக்குக்குள்ள விட்டு எடுத்தாரு. மூக்குல எனக்கு என்னங்கன்னு கேட்டேன். பார்க்கலாம்னாரு. நாலு மாட்டுப் பாலையும் தனித்தனிக் குப்பியில பிடிச்சுக்கிட்டுப் போனாரு.

நாலு நாள் கழிச்சு வரச் சொன்னாரு. டவுன்ல ரத்தம் சோதிக்கற இடத்துல அவரு சிநேகிதர் இருந்தாரு, அங்க கூட்டிட்டுப் போனாரு. மேசை மேல வட்டமா கண்ணாடித் தட்டுங்க. ஒவ்வொண்ணுலயும் மஞ்சளா பொடிப்பொடியாப் பூத்துக் கிடந்துச்சு. அதுக்கு நடுவுல பொட்டு அளவுல காகித வில்லைங்க.

"ஒவ்வொரு வில்லையிலயும் ஒரு மருந்து இருக்கும்மா. மருந்துக்கு அடங்குற கிருமின்னா வில்லையைச் சுத்தி ஒதுங்கி இடம் விடும். இதோ, இந்த மருந்துக்கு விட்டிருக்கு பாருங்க. ஆனா இது பெனிசிலின் வில்லை."

அதை ஒட்டிக்கிட்டே மஞ்சளா முளைச்சிருந்துச்சு. வில்லை மேலயே ஏறப்போற மாதிரி.

"இது உங்க மாட்டுப் பால். இது அந்த அம்மா வீட்டு மாடு. இது உங்க கட்டி. இது உங்க மூக்கு." டாக்டர் ஒவ்வொண்ணாத் தொட்டுக் காட்டினாரு. எதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. "கொஞ்சம் கொஞ்சமா மருந்து காட்டினீங்கல்ல, அடங்குறது செத்துப்போச்சு. அடங்காதது மட்டும் தங்கிப் பெருகிடுச்சு."

"என்கிட்டேருந்து அதுக்குப் போச்சா, அதுகிட்டேருந்து எனக்கு வந்துச்சாங்க?"

"முதல்ல யாருன்னு இப்பச் சொல்ல முடியாது. ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கொடுத்துக்கிட்டீங்க. மத்த மாட்டுக்கெல்லாம் நீங்க கொண்டு போனதுதான்."

வேற மருந்து இருக்கு, அதை அவரே வந்து கொடுப்பாரு, மாட்டுக்கு மிச்சம் இருக்கற ரெண்டு காம்பையும் காப்பாத்தலாம்னாரு. என் கட்டியும் ஆறிடும்னாரு. எனக்கு உசுரு வந்துச்சு. அப்புறம்தான் மிச்சத்தைச் சொன்னாரு.

"ஆனா மூக்குல இருக்கறது இப்போதைக்குப் போகாது. நீங்க மறுபடி கறந்தா மறுபடி வரும். அந்த ரெண்டு காம்பும் போச்சுன்னா அது கறவை மாடு இல்ல. நீங்க அதைத் தொடக் கூடாதும்மா. அது உங்களை நக்கவும் விடக் கூடாது."

"எத்தனை நாளைக்குங்க?"

"தெரியலம்மா."

பாலத்து மேல நடந்தே திரும்பி வந்தேன். பஸ்ல யாராவது பக்கத்துல உக்காருவாங்களோன்னு இருந்துச்சு. யாரும் பக்கத்துல வரலையேன்னு இத்தனை வருஷம் பொருமினவ நான்.

மறுநாள் மாமி வாசல்ல போய் நின்னேன். சொல்லாம மறைச்சிருக்கலாம், டாக்டர் யார்கிட்டயும் என் பேரைச் சொல்லல. எனக்குத்தான் மனசு கேக்கல.

"மாமி, உங்க மாட்டுக்கு நோயைக் கொண்டாந்தது நான்தான். என் கைதான்."

எல்லாத்தையும் சொன்னேன், எண்ணெய், ட்யூப், மூக்கு எல்லாம். மாமி கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

"பெருமாளே. கைராசி கைராசின்னு நானே ஊரெல்லாம் சொல்லிண்டு திரிஞ்சேனே"ன்னாங்க. நான் கிளம்பப் போனப்ப, "உன் மாட்டை என்ன பண்ணப் போறே?"ன்னாங்க.

"அண்ணனுக்கு எழுதினா ஆளை அனுப்புவாரு. ரெண்டு காம்பு போன மாட்டை யாருங்க வாங்குவா. அடிமாட்டுக்குத்தான் போகும்."

"பசுவையா? வாயைக் கழுவு." மாமிக்குக் கோவம் வந்துடுச்சு. "மருந்து முடிஞ்சதும் கொண்டு வந்து எங்காத்துக் கொட்டில்ல கட்டு. கறவைக்கு வேற ஆள் வெச்சுக்கறேன். ஆனா நீ கொட்டிலுக்குள்ள வரப்டாது. தொடப்டாது. ஆச்சா?"

ஆச்சுன்னேன். மருந்து முடிஞ்சதும் டாக்டரோட ஆள்தான் ஓட்டிக்கிட்டுப் போனாரு. நான் பத்தடி பின்னால நடந்தேன். அது திரும்பித் திரும்பிப் பார்த்துச்சு. கொல்லையில முளைக்குச்சியும் கயித்துத் துண்டும் கிடந்துச்சு. அதை அங்கேயே விட்டுட்டேன். உறையூர்ல ஒரு சுருட்டுக் கம்பெனியில புகையிலை நரம்பு எடுக்கற வேலை கிடைச்சுது, அதுக்குப் போக ஆரம்பிச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு மாமி ஆள் அனுப்பினாங்க. மாடு பால் விடலையாம். புதுக் கறவைக்காரர் நல்லவருதான், நாப்பது வயசு இருக்கும், வந்தப்பவே கையை சோப்புப் போட்டுக் கழுவறவரு. அவரு என்ன தடவியும் அது அடக்கிக்கிட்டே நிக்குதாம். "நீ உள்ள வரவேண்டாம். எதிர்ப்பக்கம் நின்னுண்டு அதுகிட்ட பேசு"ன்னாங்க மாமி.

முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் சாக்கடை ஓரமா நின்னேன். மாட்டை வாசல்ல கட்டியிருந்தாங்க. "ஏ புள்ள, வந்துட்டேன்"னேன். ரெண்டு காதும் விறைச்சுது. அரை நிமிஷத்துல கறக்கற சத்தம் கேட்டுச்சு, சர்ர் சர்ர்னு. கறவைக்காரர் வாயைப் பொளந்துட்டாரு. பேசிக்கிட்டே இருங்கன்னாரு.

அதுலேருந்து வேலைக்குப் போறதுக்கு முன்னாடி காலையிலயும், வந்தப்புறம் சாயங்காலமும் போய் நிப்பேன். என்னத்தைப் பேசறது? முன்ன அதோட வயித்துக்குள்ள சொன்னதையெல்லாம் இப்பத் தெருவே கேக்கச் சொன்னேன். குழம்புல உப்பு அதிகமாப் போச்சுன்னு சொன்னேன். தபால்காரர் நேத்தும் நிக்கலைன்னு சொன்னேன். பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க, நினைக்கட்டுமே. என்னைக் கூப்பிட ஒரு இடம் இருந்துச்சு.

நாலு மாசம் ஓடுச்சு. ஒரு காலையில கயித்துல முடிச்சு சரியா விழல போல. நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், அது அவுத்துக்கிட்டு நேரா என்கிட்ட வந்துடுச்சு. நாக்கு வெளிய நீண்டுது. நான் பின்னால நகர்ந்தேன். அதுவும் வந்துச்சு. சுவத்தோட ஒட்டிக்கிட்டேன், இனி போக இடமில்ல. "போ புள்ள, போ"ன்னு கெஞ்சினேன். அதுக்கு அந்தக் குரல்தானே வேணும், இன்னும் கிட்ட வந்துச்சு. அதோட மூச்சு என் முழங்கையில பட்டுச்சு.

அங்க சுவத்துல ஒரு கட்டை விளக்குமாறு சாத்தியிருந்துச்சு. எடுத்து அதோட மூஞ்சியில அடிச்சேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. ஸ்ரீரங்கத்துல, வீதியில, எல்லாரும் பார்க்க, பசுவை விளக்குமாத்தால அடிச்சேன். மாமி ஐயோன்னு கத்தினாங்க. அது கண்ணை மூடிக்கிட்டு அப்படியே நின்னுச்சு. அதை அதுவரைக்கும் யாரும் அடிச்சதில்ல. அப்புறம் தானாத் திரும்பி வாசலுக்குப் போயிடுச்சு. நான் சாக்கடை ஓரத்துல உக்காந்து ஓன்னு அழுதேன். யாரும் கிட்ட வரல. வரக்கூடாதுன்னுதான் நானே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்.

சாயங்காலம் மறுபடி போனேன். போகாம இருக்க முடியல. மூக்கைப் பொத்திக்கிட்டு, "ஏ புள்ள, வந்துட்டேன்"னேன். காது கூட அசையல. இன்னும் ரெண்டு தடவை கூப்பிட்டேன். அதுக்குள்ள கறக்கற சத்தம் கேட்டுச்சு. கறவைக்காரர் அதோட வயித்துல தோளைச் சாய்ச்சுக்கிட்டு, என்னவோ மெதுவாச் சொல்லிக்கிட்டே கறந்துக்கிட்டு இருந்தாரு. அது கழுத்தைத் திருப்பி அவரு முதுகை நக்குச்சு.

கறந்து முடிச்சு எழுந்தவரு என்னைப் பார்த்துத் தயங்கினாரு.

"இனிமே நீங்க வந்து சிரமப்பட வேணாங்க. அதுவே விடுது."

சரிங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.